நெய்வேலி நகரியத்தில் கிறிஸ்து பிறப்புக் காலமும் குடும்பமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கடலூர் மாவட்டத்து நெய்வேலி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தையும் அனல் மின் நிலையங்களையும் அடித்தளமாகக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் உருவான நகரியமாகும். இங்கு வாழும் கிறித்தவக் குடும்பங்களின் கிறிஸ்து பிறப்புக் காலத்தை மூன்று கூறுகள் வடிவமைத்துள்ளன. அவை, இடைநிற்றல் இல்லாத ஷிப்ட் வேலை, பணிக்காலத்திற்கு மட்டுமே உரியதான குடியிருப்பு, டிசம்பர் மாதத்தில் இப்பகுதியைத் தாக்கும் கடலும் புயலும் ஆகியன. திருக்குடும்ப விழாவின் வரலாறு, தென்னார்க்காட்டுக் கிறித்தவ மரபு, நகரியத்தின் அமைப்பு, 2004, 2011ஆம் ஆண்டுகளின் பேரிடர்கள் ஆகியவற்றை ஒருசேர வைத்து நோக்கும் இக்கட்டுரை, இப்பகுதியில் ‘நம்பிக்கை’ என்னும் சொல் குடும்ப வாழ்வில் பெறும் பொருளை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, கிறிஸ்து பிறப்பு, திருக்குடும்பம், தேம்பாவணி, ஷிப்ட் வேலை, எதிர்நோக்கு, தானே புயல், ஆழிப்பேரலை.

முன்னுரை

தமிழகக் கிறித்தவம் குறித்த வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் தரங்கம்பாடி, தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை முதலிய பழைய மறைப்பணி மையங்களையே களமாகக் கொண்டுள்ளன. விடுதலைக்குப் பின் எழுந்த தொழில் நகரியங்களில் கிறித்தவக் குடும்பங்கள் தம் வழிபாட்டையும் திருநாளையும் எவ்வாறு அமைத்துக்கொண்டன என்பது அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பழைய கிறித்தவ ஊர்களில் ஆலயமே ஊரின் நடுவம். அங்குத் திருநாளின் நேரத்தை ஆலய மணி குறித்தது. தொழில் நகரியத்தில் நேரத்தைக் குறிப்பது ஆலைச் சங்கு. ஆலய மணியும் ஆலைச் சங்கும் ஒரே வீட்டில் கேட்கும்போது குடும்பத் திருநாள் என்ன வடிவம் பெறுகிறது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

நெய்வேலி இவ்வினாவிற்குப் பொருத்தமான களம். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் முதன்மையான காப்பியத்தோடு தொடர்புடைய கோணான்குப்பம் அதே மாவட்டத்தில் உள்ளது. டேனிஷ் லுத்தரன் மறைப்பணியின் தொடக்க நிலையமான மேல்பட்டாம்பாக்கமும் அருகிலேயே உள்ளது. மேலும், கிறிஸ்து பிறப்புக் காலத்திலேயே நிகழ்ந்த இரு பேரிடர்களை இம்மாவட்டம் ஏழாண்டு இடைவெளியில் சந்தித்துள்ளது.

திருநாளும் திருக்குடும்ப விழாவும்

டிசம்பர் 25ஆம் நாளைக் கிறிஸ்து பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கம் கி.பி. நான்காம் நூற்றாண்டு உரோமையில் நிலைபெற்றிருந்தது. 354ஆம் ஆண்டிற்குரிய உரோமை நாட்குறிப்பு ஒன்று இதற்குச் சான்றாக உள்ளது. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த தீவனத்தொட்டிக் காட்சி, குடில் அமைக்கும் வழக்கம் பரவுவதற்கு வழிவகுத்தது. ஆலயத்தில் தொடங்கிய குடில், காலப்போக்கில் வீட்டுத் திண்ணைக்கும் கூடத்திற்கும் வந்தது. திருநாள் குடும்பத் திருநாளாக மாறியதில் இந்த இடமாற்றத்திற்குப் பெரும்பங்குண்டு.

இயேசு, மரியா, சூசை மூவரையும் ஒரு குடும்பமாக வைத்துப் போற்றும் திருக்குடும்ப விழா கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியில் காலத்தால் பிந்தியது. திருத்தந்தை 13ஆம் லியோ 1893இல் இதற்கு இசைவளித்தார். 1921இல் 15ஆம் பெனடிக்ட் இதனைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். 1969ஆம் ஆண்டு நாட்காட்டிச் சீரமைப்பில் இவ்விழா, கிறிஸ்து பிறப்பு விழாவின் எண்கிழமைக்குள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 25ஆம் நாளே ஞாயிறாக அமையும் ஆண்டுகளில் இவ்விழா டிசம்பர் 30ஆம் நாள் கொண்டாடப்படும். இந்த விதி இக்கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியத்துவம் பெறுகிறது.

இவ்விழாவிற்கு இசைவளித்த 13ஆம் லியோவே 1891இல் தொழிலாளர் நிலை குறித்த சுற்றுமடலை வெளியிட்டவர் என்பது கருதத்தக்கது. தொழிலாளி தன் குடும்பத்தைச் சிக்கனமாகவேனும் பேணுவதற்குப் போதுமான கூலி பெறவேண்டும் என்பது அம்மடலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. ஆலைத் தொழில் குடும்பத்தின் நேரத்தையும் உறவையும் சிதைத்துவந்த ஒரு நூற்றாண்டின் முடிவில், தொழிலாளர் உரிமையும் திருக்குடும்ப வழிபாடும் ஒருவர் கையிலிருந்தே இரண்டாண்டு இடைவெளியில் வெளிப்பட்டன. 1955இல் 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் ‘தொழிலாளரான புனித சூசை’ விழாவாக அறிவித்தார். அதற்கு அடுத்த ஆண்டே நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. இவற்றிடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் தொழில் நகரியத்துக் கத்தோலிக்கக் குடும்பம் தன்னைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தோடு ஒப்பிட்டுக் காண்பதற்கான வழிபாட்டு மொழி, அந்நகரியம் எழுவதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தது எனலாம்.

தென்னார்க்காட்டுக் கிறித்தவ மரபு

கிறிஸ்து பிறப்பைக் குடும்பத்தின் கண்வழியாகக் காணும் பார்வை தென்னார்க்காட்டிற்குப் புதியதன்று. இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர் (1680–1747) 1726இல் இயற்றிய தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. இயேசுவின் வாழ்வைப் பாட வாய்ப்பிருந்தும் முனிவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையையே காப்பியத் தலைவராகக் கொண்டார். அவருக்கு ‘வளன்’ எனத் தமிழ்ப்பெயரும் சூட்டினார். தச்சுத் தொழிலாளி ஒருவர் தமிழ்ப் பெருங்காப்பியத்தின் தலைவராவது அக்காலத்து இலக்கிய வழக்கில் புதுமையானது.

நற்செய்தி நூல்களில் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை. கனவில் கேட்ட கட்டளைப்படி எழுந்து செயல்படுகிறார். எகிப்திற்குத் தப்பிச் சென்றதை மத்தேயு சில வசனங்களில் முடித்துவிடுகிறார். தேம்பாவணியிலோ அப்பயணமும் அயல்நாட்டு வாழ்வும் விரிந்த இடம்பெறுகின்றன. எசுப்பானியத் துறவி ஆகிர்தா மரியாவின் நூலை முனிவர் ஒரு மூலமாகக் கொண்டிருந்தாலும், நாடு விட்டு நாடு செல்லும் குடும்பத்தின் துயரைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொணர்ந்தது அவருடைய ஆக்கமே.

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா ஆலயம் வீரமாமுனிவரோடு தொடர்புடையது. தேம்பாவணி இங்கு எழுதப்பட்டது என்பது மரபு வழிச் செய்தி. விருத்தாசலத்துச் சிவன் கோயில் அம்மைக்கும் பெரியநாயகி என்னும் பெயர் வழங்குவதை நோக்க, மண்ணின் வழக்காற்றிலிருந்தே அன்னைக்குரிய பெயர் தெரிந்தெடுக்கப்பட்டமை புலனாகும். தாயும் சேயும் இப்பகுதி மக்களுக்கு அயலாராகத் தோன்றாமைக்கு இப்பெயரீடு உதவியது.

சீர்திருத்தச் சபை மரபும் இங்கு வலுவானது. லீப்சிக் மறைப்பணியில் இருந்த கார்ல் ஒக்ஸ், சபைக்குள் சாதி வேறுபாட்டிற்கு இடமளிப்பதை ஏற்காமல் விலகியவர். 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் ‘பெத்தானியா’ என்னும் பெயரில் அவர் அமைத்த நிலையம் டேனிஷ் மறைப்பணிச் சங்கத்தின் தமிழகப் பணிக்குத் தொடக்கமாயிற்று. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இதன் வழிவந்ததாகும். மார்த்தாள், மரியாள், லாசரு என்னும் உடன்பிறந்தார் மூவர் வாழ்ந்த வீடு அமைந்த ஊரே விவிலியத்துப் பெத்தானியா. ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக்கூடிய குடும்பமாகச் சபை விளங்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு இப்பெயர் இயைந்து நிற்கிறது.

எனவே நெய்வேலி நகரியம் எழுவதற்கு முன்பே இப்பகுதியில் இரு மரபுகள் நிலைபெற்றிருந்தன. புலம்பெயரும் தொழிலாளியின் குடும்பமாகத் திருக்குடும்பத்தைக் காண்பது முதல் மரபு. சாதி கடந்த பந்தியாகச் சபையைக் காண்பது இரண்டாம் மரபு. நகரிய வாழ்வு இவ்விரண்டையும் சோதித்தது.

நகரியத்தின் தோற்றமும் குடும்பமும்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வெளிப்பட்ட கரிய பொருள், பழுப்பு நிலக்கரி இருப்பதை உணர்த்திற்று. பின்னர் நடந்த ஆய்வுகளின் பயனாக 1956 நவம்பர் 14இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்புடன் அமைந்த அனல் மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் வரை வளர்ந்த அந்நிலையம் 2020இல் பணிநிறைவு பெற்றது.

சுரங்கத்திற்கும் நகரியத்திற்கும் நிலம் தந்த சிற்றூர்களின் குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. அதே வேளையில் மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியேறின. ‘வட்டம்’ என எண்ணிட்டு வழங்கும் பிரிவுகளாக நகரியம் அமைந்தது. சாதித் தெருவும் குலத் தெருவும் இல்லாத இவ்வமைப்பில் அண்டை வீடு எது என்பதைப் பணியிட ஒதுக்கீடே தீர்மானித்தது. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், லுத்தரன் சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் எனப் பல பிரிவுக் கிறித்தவரும் இந்து, இசுலாமியக் குடும்பங்களோடு சுவரைப் பகிர்ந்து வாழ்ந்தனர்.

இவ்வமைப்பிற்கு மற்றொரு முகமும் உண்டு. குவார்ட்டர்ஸ் என்பது சொந்த வீடன்று. ஓய்வு பெற்றதும் அதனை ஒப்படைக்க வேண்டும். மகன் பிறந்த வீட்டில் பேரன் பிறப்பது இங்கு இயல்பாக நிகழ்வதன்று. கொம்பு நட்டு வளர்த்த முருங்கையும் கொய்யாவும் அடுத்து வருபவருக்கே உரியவை. ஓய்வு பெற்ற குடும்பம் சொந்த ஊர் திரும்புவதா, வடலூர், பண்ருட்டி, கடலூர் போன்ற அருகிலுள்ள ஊர்களில் மனை வாங்கிக் குடியேறுவதா, நகரங்களில் பணிபுரியும் பிள்ளைகளோடு சேர்வதா என்னும் முடிவை எடுத்தாக வேண்டும். கிறிஸ்து பிறப்புக் காலம் இந்த முடிவைக் கூர்மையாக்குகிறது. ‘கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறோம்’ என்று முதல் தலைமுறை சொன்னபோது ‘ஊர்’ என்பது நாசரேத்தையோ நாகர்கோவிலையோ குறித்தது. நெய்வேலியில் பிறந்து வளர்ந்து வெளியே சென்ற அடுத்த தலைமுறைக்கு ‘ஊர்’ என்பது நெய்வேலியே. ஆனால் பெற்றோர் ஓய்வு பெற்றபின் அங்குத் திரும்பிச் செல்ல அவர்களுக்கு ஒரு வீடில்லை.

ஷிப்டும் திருநாளும்

நெய்வேலிச் சுரங்கத்தின் நிலவியல் இங்குக் கருதத்தக்கது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் உள்ளது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும். மழைக்காலத்தில் சுரங்கத்துள் சேரும் மழைநீரையும் வெளியேற்ற வேண்டும். மின் நிலையக் கொதிகலனையும் விழா நாள் கருதி அணைத்து ஏற்ற இயலாது. ஆகவே நெய்வேலியில் எந்தத் திருநாளும் முழுமையான விடுமுறை நாளாக இருக்க இயலாது. தமிழகத்தின் வீடுகளில் டிசம்பர் 24ஆம் நாள் இரவு நட்சத்திர விளக்குகள் எரிய வேண்டுமெனின், அவ்விரவில் எவரேனும் கொதிகலன் அருகே விழித்திருக்க வேண்டும்.

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளில் தொடங்கும் ஆயத்தம் நகரியத்தில் மார்கழிக் கோலங்களோடும் திருப்பாவை ஒலியோடும் இணைந்தே நடைபெறுகிறது. வீட்டு வாசலில் நட்சத்திரம் ஏற்றப்படுகிறது. குடிலுக்காகச் சிறு தட்டுகளில் நெல்லோ கேழ்வரகோ விதைத்து முளைப்பாரி போல் பசுமை வளர்க்கப்படுகிறது. இரவுகளில் கேரல் குழுவினர் வீடு வீடாகச் சென்று பாடுகின்றனர். அச்சு முறுக்கும் கலகலாவும் அதிரசமும் சுட்டு, தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீடுகளுக்குத் தட்டு நிறைத்து அனுப்புவது குடும்பப் பெண்களின் பொறுப்பாக இருந்து வருகிறது. தட்டை வெறுமையாகத் திருப்பலாகாது என்னும் தமிழ் வழக்கம் சமயங்களுக்கிடையிலான கணக்கையும் நேர்செய்கிறது.

கத்தோலிக்கருக்கு நள்ளிரவுத் திருப்பலியும் சீர்திருத்தச் சபையினருக்கு அதிகாலை ஆராதனையும் திருநாளின் உச்சங்கள். இரவு ஷிப்டில் உள்ளவர் முதலாவதை இழப்பார். அதிகாலை ஷிப்டிற்குச் செல்பவர் இரண்டாவதை இழப்பார். இதனால் குடும்பம் முழுமையாக ஒன்றுசேரும் வேளை பல வீடுகளில் ஆலயத்தில் அமைவதில்லை. வேலை முடிந்து தந்தையோ தாயோ வீடு திரும்பி, குடில் முன் நின்று குடும்ப செபம் சொல்லி, சேர்ந்து உண்ணும் வேளையே திருநாளின் மையமாகிறது. ஆலயத்தின் நேரம் தவறினும் வீட்டின் நேரம் தவறுவதில்லை. இவ்வாறு ஷிப்ட் முறை, குடும்பத்தைப் பிரிக்கும் அதே வேளையில், வீட்டை வழிபாட்டிடமாக உயர்த்தியது. கிறித்தவர் தீபாவளி இரவின் பணியை ஏற்று, கிறிஸ்து பிறப்பு இரவில் இந்து நண்பரிடம் ஷிப்டை மாற்றிக்கொள்வது, தொடர் உற்பத்தி நடைபெறும் தொழிலிடங்களில் காணப்படும் வழக்கம். இது எழுதப்படாத உடன்பாடு. இத்தகைய உடன்பாடு நம்பிக்கையின்றி நிலைக்காது.

டிசம்பர் 31ஆம் நாள் இரவு நடைபெறும் விழிப்பு ஆராதனை சீர்திருத்தச் சபையினரின் காலச்சுழலை நிறைவு செய்கிறது. அவ்விரவில் பெறும் வாக்குத்தத்த அட்டையை அடுத்த ஆண்டு முழுதும் வீட்டுச் சுவரில் வைத்துப் போற்றுவர். பிள்ளையின் தேர்வு, மகளின் திருமணம், நோயுற்றவரின் நலம், நிரந்தரப் பணி என வீட்டின் எதிர்பார்ப்புகள் யாவும் அந்த ஒரு வசனத்தின் மீது ஏற்றப்படுகின்றன.

2004, 2011: திருக்குடும்ப விழா நாளில் இரு பேரிடர்கள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம், கன்னியாகுமரி மாவட்டங்களுடன் கடலூர் மாவட்டமும் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது. கடலூரில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருநாளுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணியர் பலரும் உயிரிழந்தனர். நெய்வேலி உள்நிலத்தில் அமைந்ததால் அலை அங்கு எட்டவில்லை. ஆனால் தேவனாம்பட்டினம் முதலிய கடலோர ஊர்களின் துயரம் அவ்வாண்டின் எஞ்சிய விழா நாள்களை மாவட்டம் முழுவதும் துக்க நாள்களாக்கியது.

அந்த ஞாயிறு திருக்குடும்ப விழா நாள். மூன்றாண்டு வாசக முறையில் அது முதலாம் ஆண்டைச் சார்ந்ததால், அன்று திருப்பலிக்குரிய நற்செய்தி வாசகம் மத்தேயு இரண்டாம் அதிகாரத்திலிருந்து அமைந்தது. குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாகச் சூசை எகிப்திற்குத் தப்பிச் சென்ற பகுதி அது. ஏரோது நிகழ்த்திய குழந்தைப் படுகொலையைக் கூறும் மூன்று வசனங்கள் அவ்வாசகத்தில் விடுபட்டுள்ளன. தப்பிய குடும்பம் வாசிக்கப்படுகிறது; தப்பாத குடும்பங்கள் வாசிக்கப்படுவதில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்த கடற்கரையில் இந்த இடைவெளி வேறு பொருள் கொண்டது. தப்பியோரின் நன்றியை மட்டும் பேசும் நம்பிக்கை, இழந்தோர் முன் நிற்க இயலாது என்பதே அந்நாள் எழுப்பிய வினா. மத்தேயு அம்மூன்று வசனங்களையும் நீக்கவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆறுதல் பெற மறுத்து அழும் தாயின் குரலைப் பிறப்பு வரலாற்றின் உள்ளேயே அவர் வைத்துள்ளார்.

ஏழாண்டுகளுக்குப் பின், 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இம்முறை நெய்வேலியும் தப்பவில்லை. அரை நூற்றாண்டாக வளர்ந்த நகரியத்தின் மரங்கள் பெருமளவில் வீழ்ந்தன. பண்ருட்டிப் பகுதியின் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் அழிந்தன. பலா மரம் ஒரு பருவத்துப் பயிரன்று. தந்தை நட்டு மகன் பயன்கொள்ளும் தலைமுறைச் சொத்து. அம்மரம் வீழ்ந்தபோது குடும்பங்கள் எதிர்காலத்திற்கெனக் கட்டிவைத்த கணக்கும் வீழ்ந்தது. மாநிலத்திற்கு மின்சாரம் வழங்கும் ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் புத்தாண்டை இருளில் எதிர்கொண்டன.

2011இல் கிறிஸ்து பிறப்பு விழா ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. ஆகவே முன்னர்க் குறித்த விதிப்படி அவ்வாண்டின் திருக்குடும்ப விழா டிசம்பர் 30ஆம் நாளுக்குரியதாயிற்று. புயல் தாக்கிய நாளும் அதுவே. வாசக முறையின் இரண்டாம் ஆண்டிற்குரிய நற்செய்தி, குழந்தையை எருசலேம் ஆலயத்தில் ஒப்படைக்கும் லூக்கா நற்செய்திப் பகுதியாகும். அதில் சிமியோன், அன்னா என்னும் இரு முதியோர் இடம்பெறுகின்றனர். நெடுங்காலம் காத்திருந்த சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி மகிழ்கிறார். அதே மூச்சில், தாயின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்றும் கூறுகிறார்.

இரு பேரிடர்களும் ஒரே விழாவின் நாளில் அமைந்தமை நாட்காட்டியின் தற்செயல் நிகழ்வே. இதனை இறைத்தண்டனையாகவோ முன்குறிப்பாகவோ கொள்வதற்கு வரலாற்றில் இடமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் இறுதிப் பகுதியும் கிறிஸ்து பிறப்புக் காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், வங்கக் கடற்கரைக் கிறித்தவருக்குப் புயல் அச்சமும் திருநாள் மகிழ்வும் அடுத்தடுத்து நிற்பது இயல்பு. ஆயினும் இத்தற்செயல் ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. பனி படர்ந்த நாட்டு வாழ்த்து அட்டைகள் காட்டும் அமைதியான குடும்பம் கடலூர்க் கரையின் அனுபவமாக இருந்ததில்லை. இப்பகுதிக்கு நெருக்கமானது, இடமில்லாமல் தொழுவில் தங்கி, அஞ்சி ஓடி, அயல்நாட்டில் பிழைத்து, மீண்டும் தொழில் தொடங்கிய குடும்பமே. தேம்பாவணி விரித்துரைத்ததும் அக்குடும்பத்தையே.

நம்பிக்கையும் எதிர்நோக்கும்

நகரியத்தின் ஒரே வட்டத்தில் வாழும் இரு கிறித்தவ வீடுகளில் ‘நம்பிக்கை’ என்னும் சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. பழைய சீர்திருத்தச் சபை விவிலியம், பவுல் கொரிந்தியருக்குக் கூறும் மூன்று பண்புகளை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என வரிசைப்படுத்துகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. முதல் வீட்டில் நம்பிக்கை என்பது வரவிருப்பதை நோக்கியது. இரண்டாம் வீட்டில் அது இறைவன் மீதான பற்றுறுதி. வரவிருப்பதை நோக்குவதற்கு ‘எதிர்நோக்கு’ என்னும் தனிச்சொல் உண்டு.

பேச்சு வழக்குத் தமிழில் நம்பிக்கை இவ்விரண்டையும் மட்டுமன்றி மனிதர்மீது மனிதர் கொள்ளும் உறுதியையும் குறிக்கும். ‘அவர் நம்பிக்கையானவர்’ என்னும் தொடரில் இப்பொருள் விளங்கும். ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் நண்பரிடத்தும், சாவியைக் கொடுத்துச் செல்லும் அண்டை வீட்டாரிடத்தும் நகரியம் வளர்த்தது இம்மூன்றாம் பொருளைத்தான். மறையியல் வேறுபடுத்தும் பொருள்களை அன்றாடத் தமிழ் ஒரு சொல்லுக்குள் சேர்த்து வைத்திருப்பது குறையன்று. கடவுளிடத்துப் பற்று, நாளையின்மீது எதிர்பார்ப்பு, அயலாரிடத்து உறுதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கியே நிற்கும் என்பதற்கு அது சான்று.

எனினும் இந்நம்பிக்கையின் வட்டத்திற்குள் யாவர் அடங்குவர் என்பது தீராத வினா. நிரந்தரப் பணியாளரின் குடும்பத்திற்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, மருத்துவமனை உண்டு, ஓய்வுக்குப் பின் பணப்பயன் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளரின் குடும்பத்திற்கு அவை அதே அளவில் இல்லை. நிலம் தந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் வேலைக் கோரிக்கையும் இழப்பீட்டுக் கோரிக்கையும் தலைமுறை கடந்தும் தொடர்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற பயிரின் ஊடே சுரங்க விரிவாக்கத்திற்கான கால்வாய்ப் பணி நடைபெற்றபோது எழுந்த எதிர்ப்பு, இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை என்பதைக் காட்டியது. சத்திரத்தில் இடமின்றித் தொழுவில் பிறந்த குழந்தையைக் கொண்டாடும் திருநாளில், இடம் தந்தபின் இடமற்றுப்போனவர்கள் நகரிய வாயிலுக்கு வெளியே உள்ளனர்.

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருபவரிடம் சாதியும் சமயமும் கேட்பதில்லை என்பது அதன் நெறி. திருநாளில் பலகாரத் தட்டு அண்டை வீட்டோடு நின்றுவிடுகிறதா, வாயிலைக் கடந்து செல்கிறதா என்பதைக் கொண்டே நகரியக் கிறித்தவக் குடும்பங்களின் நம்பிக்கை அளக்கப்படும் என்பதை இவ்வண்டை மரபும் நினைவூட்டுகிறது.

முடிவுரை

நெய்வேலி நகரியத்தில் கிறிஸ்து பிறப்புக் காலம், பழைய கிறித்தவ ஊர்களின் திருநாளை அப்படியே பெயர்த்து நட்டதாக அமையவில்லை. ஷிப்ட் வேலை, திருநாளின் மையத்தை ஆலயத்திலிருந்து வீட்டிற்குக் கொணர்ந்தது. குவார்ட்டர்ஸ் வாழ்வு, சாதித் தெருவற்ற அண்டை உறவை வளர்த்ததோடு, ‘ஊர் எது’ என்னும் தீராத வினாவையும் ஒவ்வொரு குடும்பத்திலும் விட்டுச் சென்றது. 2004, 2011ஆம் ஆண்டுகளின் பேரிடர்கள், திருக்குடும்பத்தை அமைதியான குடும்பமாக அன்றி ஆபத்தின் நடுவே ஒருவரையொருவர் காத்த குடும்பமாகக் காணும்படி செய்தன.

இம்மூன்றும் இணையும் இடத்தில், வீரமாமுனிவர் இதே மண்ணில் தலைவராக்கிய தச்சுத் தொழிலாளி மீண்டும் தோன்றுகிறார். அவருக்கு நிலையான வீடில்லை, வேலை உண்டு, காக்க வேண்டிய இருவர் உண்டு. நாளை என்ன ஆகும் என்பது அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. அடுத்த அடி மட்டுமே கனவில் கூறப்படுகிறது. அவர் எழுந்து நடக்கிறார். நகரியத்துக் குடும்பங்களின் நம்பிக்கையும் இத்தகையதே. அது எல்லாம் நலமாகும் என்னும் உறுதிமொழி அன்று. விழித்திருக்க வேண்டிய இரவில் ஒருவர் விழித்திருப்பார் என்னும் உறுதி. முதல் தலைமுறை ஓய்வு பெற்று, பழைய மின் நிலையமும் பணிநிறைவு பெற்றுள்ள இக்காலத்தில், நகரியத்தை விட்டுச் சென்ற குடும்பங்களின் வாய்மொழி வரலாறும், நிலம் தந்த சிற்றூர்க் குடும்பங்களின் வாய்மொழி வரலாறும் உடனடியாகத் தொகுக்கப்பட வேண்டியவை. இரண்டையும் ஒருசேர வைத்து எழுதும்போதே நெய்வேலியின் திருநாள் வரலாறு முழுமை பெறும்.